வேரழுகல் பற்றி அறுநூறு சொற்கள்

1

இது கதையாக இருக்க வேண்டியதே இல்லை. எங்கள் மயிலாப்பூர் பக்கம் ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளோடு இலவசமாக வந்து விழுகிற எட்டுப் பக்கப் பத்திரிகை ஒன்று உண்டு. அதன் ஏழாம் பக்கத்தில், பாத்திரக் கடை விளம்பரத்துக்கும் ‘மணமகன் தேவை’க்கும் நடுவில், ஆறு வருடமாக மாடித் தோட்டம் பற்றி எழுதுகிறவன் நான். பெயர் பத்ரிநாராயணன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். (ஓய்வு பெற்ற வங்கிக்காரர்கள் ஒன்று ஜாதகம் பார்ப்பார்கள், இல்லையென்றால் செடி வளர்ப்பார்கள். எனக்கு ஜாதகம் வரவில்லை.)

ஆசிரியர் போனில் கேட்டது சின்ன விஷயம். “சார், மழை முடிஞ்சதுலேருந்து செடி செத்துப்போச்சுன்னு ஒரே லெட்டரா வருது. வேரழுகல் பத்தி அறுநூறு வார்த்தை போதும். எப்படிக் கண்டுபிடிக்கறது, எப்படிக் காப்பாத்தறது, வராம எப்படித் தடுக்கறது. புதன்கிழமைக்குள்ள.”

மூன்று கேள்வி. மூன்றுக்கும் எனக்கு விடை தெரியும். உட்கார்ந்தேன். எழுதினேன்:

“வேரழுகல் என்பது அதிகப்படியான நீரால் உண்டா —”

அதற்கு மேல் போகவில்லை. அந்த வாக்கியத்தில் ஆளே இல்லை. நீர் தானாக அதிகப்படியாக ஆவதில்லை, யாரோ ஊற்றுகிறார்கள். இந்த முறை ஊற்றியது யார் என்று எனக்குத் தெரியும்.

2

எனவே கட்டுரையை ஓரமாக வைத்துவிட்டுக் கதைக்கு ஆரம்பம் தேடினேன்.

முதல் ஆரம்பம்: “எங்கள் மொட்டை மாடியில் ஒரு கறிவேப்பிலை மரம் இருந்தது.” இருந்தது என்று போட்டதுமே முடிவு தெரிந்துவிடுகிறது. அடித்தேன்.

இரண்டாவது: “ஜெயபாரதி அமெரிக்கா போன அன்று மழை பெய்தது.” பொய். ஆகஸ்ட் மாதம், மண்டையைப் பிளக்கிற வெயில். மழை என் வசதிக்காக வந்தது. அடித்தேன்.

மூன்றாவது: “நான் ஒரு மரத்தைக் கொன்றேன்.” இது உண்மை. ஆனால் இதைப் படித்தால் என்னைப் பற்றிக் கொஞ்சம் பெரிதாக நினைத்துக்கொள்வீர்கள். கொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். என்னிடம் இருந்தது அக்கறை மட்டும்தான். அது இன்னும் மோசம்.

மூன்றாவதை அடிக்கவில்லை. அங்கேயே கிடக்கட்டும்.

3

ஜெயபாரதியின் பெயரை மாற்றலாமா என்று யோசித்தேன். மாற்றினால் ‘எதுக்கு சார் இந்தப் பூச்சு?’ என்பார். மாற்றவில்லை.

எங்கள் கட்டடத்தில் பன்னிரண்டு வீடு. பதினோரு வருடத்துக்கு முன்னால், இரண்டாம் மாடியில் ஒரு வீட்டை வாங்கிக்கொண்டு அவரும் கணவர் நல்லசிவமும் குடிவந்தார்கள். தென்காசிப் பக்கத்துக் குடும்பம். தி. நகரில் துணிக்கடை. மற்ற பதினோரு வீட்டுக்காரர்களும் மூன்று தலைமுறையாக இதே நாலு தெருவுக்குள் வீடு மாறிக்கொண்டிருக்கிறவர்கள். நாங்கள் கெட்டவர்கள் இல்லை. படியில் பார்த்தால் சிரிப்போம். சிரித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வோம். மூன்று வருடம் அவர் வீட்டு அழைப்புமணியை யாரும் அழுத்தவில்லை.

அதற்குள் அவர் மொட்டை மாடியில் ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் வைத்த கறிவேப்பிலை ஆள் உயரத்துக்கு வந்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, மாடிப்படிக் கைப்பிடியில் அவர்கள் கடைப் பெயர் போட்ட மஞ்சள் துணிப்பை தொங்கியது. உள்ளே கொத்துக் கொத்தாகக் கறிவேப்பிலை. சீட்டு, பெயர், எதுவும் இல்லை. சாயங்காலம் பை காலி. அடுத்த வெள்ளியும் தொங்கியது. ஐந்தாவது வெள்ளி, என் மனைவி நீரஜா பையைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் அவர் வீட்டுக்குள் போனாள். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு டப்பா தேங்காய்ப்பால் சொதியோடு வந்தாள். அதற்குப் பிறகு கட்டடத்தில் எந்த விசேஷமும் ஜெயபாரதி இல்லாமல் நடந்ததில்லை.

(கறிவேப்பிலை என்றதும் உங்களுக்கு ஓர் உவமை தோன்றியிருக்கும். எனக்கும் தோன்றியது. இரண்டு பேருமாக அதை விட்டுவிடுவோம்.)

நல்லசிவம் போய்ச் சேர்ந்து நாலு வருடம் ஆகிறது. மகன் ராம்குமார் ‘தி. நகருக்கே வந்துருங்கம்மா’ என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். அவர் நீரஜாவிடம் சொன்னது: “அங்க நான் ராம்குமார் அம்மா. இங்க கறிவேப்பிலை அம்மா. இது கொஞ்சம் ஒசத்தில்லா?”

போன ஆகஸ்டில் மகள் ஷண்முகப்ரியாவின் பிரசவத்துக்காக ஆறு மாதம் நியூ ஜெர்சி போனார். வீட்டுச் சாவி, மஞ்சள் பை, மரம் மூன்றும் என் பொறுப்பு.

“சார், ஒண்ணே ஒண்ணு. ஊத்துறதுக்கு முன்னால விரல மண்ணுக்குள்ள விட்டுப் பாருங்க. ரெண்டு கணு ஈரமா இருந்துச்சுன்னா ஊத்தாதிய. பாவமா இருக்கேன்னும் ஊத்தாதிய.”

“மேடம், நான் ஆறு வருஷமா இதப் பத்திதான் எழுதறேன்.”

“அதனாலதான் சொல்லுதேன்.”

படியிறங்கப் போனவர் நின்றார். “ஞாயித்துக்கிழமைக்கு ஒரு போட்டோ அனுப்புங்க. அந்த மரம் நிக்கிதுன்னு தெரிஞ்சாத்தான் இந்த வீட்டுக்குத் திரும்பி வரணும்னு எனக்குத் தோணும். இல்லன்னா ராம்குமார் சொல்லுறதுதான் சரின்னு போயிருவேன்.”

4

எந்தக் கதைக்கும் ஒரு வில்லன் வேண்டும் என்பதால் மேல்தளத்து ராகவேந்திரனைத் தயார் செய்து வைத்திருந்தேன். முதல் வரைவில் அவருக்கு வழுக்கையும் கரகரத்த குரலும் கொடுத்தேன். நிஜத்தில் அவருக்கு அடர்த்தியான முடி. நன்றாகப் பாடவும் செய்வார். அந்த முடியின் மேல் எனக்கு இருக்கும் பழைய பொறாமைதான் அப்படி எழுத வைத்தது.

செப்டம்பரில் அவர் படுக்கையறைக் கூரையில் ஈரம் கண்டது. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றார்.

“என் பெட்ரூம் சீலிங்ல இந்தியா மேப் வந்துண்டிருக்கு. நேத்திக்கு ஸ்ரீலங்காவும் சேந்துடுத்து. ஒண்ணு மாடில தொட்டி இருக்கணும், இல்லே கீழ நான் இருக்கணும்.”

சங்கத்துக்குச் செயலாளர் நான். ஒரு சொட்டு ஒழுகுகிற தொட்டியும் மாடியில் இருக்கக் கூடாது, மாடிக் கதவு பூட்டியிருக்க வேண்டும், சாவி செயலாளரிடம் என்று தீர்மானம். மற்றவர்கள் தங்கள் சின்னத் தொட்டிகளை பால்கனிக்கு இறக்கிக்கொண்டார்கள். ஜெயபாரதியின் டிரம்மை நாலு பேர் சேர்ந்தாலும் இறக்க முடியாது. அடியில் ஆறு ஓட்டை. தண்ணீர் ஊற்றினால் ஆறும் ஒழுகும்.

அவருக்கு போன் செய்து கேட்டிருக்கலாம். பிரசவ வீட்டில் இருக்கிறவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்தேன். இந்தக் கதையில் நடந்த கெடுதல் எல்லாம் அந்த நினைப்பில் தொடங்குகிறது.

காவலாளி சண்முகவேலைக் கூட்டிக்கொண்டு போய் டிரம்மைச் சாய்த்து, ஆறு ஓட்டையையும் சிமெண்ட் வைத்து அடைத்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. ராகவேந்திரன் கை குலுக்கினார். மரத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று அன்று நீரஜாவிடம் சொல்லி, இரண்டாவது காப்பி வாங்கிக் குடித்தேன்.*

* இரண்டு மாதம் கழித்து, ஈரம் வந்தது தண்ணீர்த் தொட்டிக் குழாயின் இணைப்பிலிருந்து என்று தெரிந்தது. கண்டுபிடித்ததும் ராகவேந்திரன்தான். வீட்டுக்கு வந்து மன்னிப்பும் கேட்டார். இருந்த ஒரு வில்லனும் கையை விட்டுப் போனார்.

5

அக்டோபரில் மழை பிடித்தது. நடுவில் ஒரு வாரம் வெயில் அடித்தது. அந்த வாரத்துச் சனிக்கிழமை மாடிக்குப் போனால், மரத்தின் இலையெல்லாம் தொங்கிப்போய் நின்றது.

விரலை விட்டேனா? இல்லை. பார்த்தேன். பார்த்தால் போதாதா, ஆறு வருட அனுபவம். வெயிலில் வாடியிருக்கிறது, தாகம். காலையில் ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளி. மறுநாள் இன்னும் தொங்கியது. பாவமாக இருந்தது. இன்னொரு வாளி.

ஆசிரியருக்குக் கொடுத்த வாக்கை மறக்கவில்லை. முதல் கேள்விக்கு விடை: மண் ஈரமாக இருக்கும்போதே இலை தொங்கினால் அது தாகம் இல்லை. மண்ணுக்குள் காற்று இருக்க வேண்டிய இண்டு இடுக்கெல்லாம் தண்ணீர் நிரம்பி, வேர் மூச்சு முட்டிச் சாகிறது. செத்த வேர் தண்ணீரை உறிஞ்சாது. கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு செடி வாடும். பெரும்பாலும் அடி இலைகள் முதலில் மஞ்சளாகும். மண்ணில் சாக்கடை வாடை வரும். வேரைப் பிடித்து உருவினால் தோல் மட்டும் வழுக்கிக்கொண்டு கையோடு வரும், நூல் மாதிரி நடுத்தண்டு நிற்கும். நல்ல வேர் வெளுப்பாக, விறைப்பாக இருக்கும்.

(இங்கே மனிதர்களைப் பற்றி ஓர் உவமை வந்து வாசலில் நின்றது. பெங்களூரில் இருக்கும் என் மகள் ஷ்ரேயாவுக்கு நான் ஒரு நாளைக்கு நாலு தடவை போன் செய்வது சம்பந்தமாக. உள்ளே விடவில்லை.)

6

மறுநாள் ஞாயிறு. போட்டோ நாள்.

ஜெயபாரதி கிளம்பிய அன்று, புதிதாக வாங்கிய போனைப் பழகிக்கொள்வதற்காக அந்த மரத்தை முப்பதுக்கு மேல் படம் எடுத்திருந்தேன். கிழக்கிலிருந்து, மேற்கிலிருந்து, குனிந்து, ஏணி மேல் ஏறி. அதில் ஒன்றை அனுப்பினேன். ஒரு வாரம்தானே, நிமிர்ந்துவிடும், அப்புறம் நிஜத்தை அனுப்பலாம் என்று —

நிமிரவில்லை. அடுத்த வாரம் இன்னொன்று.

“கொழுந்து நல்லா வந்திருக்கு சார். சந்தோஷம்” என்று பதில் வரும். “பேத்திக்கிட்ட காமிச்சேன். முழிச்சு முழிச்சுப் பாக்கா.” பதினோரு ஞாயிறு அனுப்பினேன். இத்தனை வருடம் எழுதியதில், ஒரு வாசகர் காத்திருந்து, நம்பி, மகிழ்ந்து பதில் போட்ட என் ஒரே புனைவு அதுதான்.

வெள்ளிக்கிழமைப் பைக்கும் ஒரு வழி செய்தேன். காய்கறிக் கடையில் கறிவேப்பிலை வாங்கி நிரப்பித் தொங்கவிட்டேன். இரண்டு கண்டத்தில் ஒரே சமயத்தில் மோசடி. கட்டடத்தில் யாருக்கும் தெரியவில்லை, ஒருத்தியைத் தவிர.

“ஏன்னா, இது நம்ம மாடிக் கறிவேப்பிலை இல்லையே. வாசனையே காணோம்.”

“மழை ஜலம் ஜாஸ்தியானா அப்படித்தான் நீரஜா. நானே எழுதியிருக்கேன்.”

“ஓஹோ. மழை ஜலம் ரப்பர் பேண்டும் போட்டு அனுப்பறதா?” காம்பைத் தூக்கிக் காட்டினாள். “சாவியைக் குடுங்கோ. நான் மாடிக்குப் போகணும்.”

போனாள். நானும் பின்னால் போனேன். மரத்தைப் பார்க்கும் முன்பே மூக்கைப் பொத்திக்கொண்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். “ஐயோ, அவ ஒத்தையா வந்து நிப்பாளே” என்றாள். அவ்வளவுதான்.

7

அடையாறில் நர்சரி வைத்திருக்கும் காஷிஃபை அன்றைக்கே கூட்டிவந்தேன். டிரம்மைச் சாய்த்தார். கறுப்புத் தண்ணீர் அவர் காலெல்லாம் கொட்டியது.

“இன்னா சார் இது, டிரம்மா கெணறா? ஓட்டைய எவன் அடைச்சான்?”

நான் வானத்தைப் பார்த்தேன்.

“ஓ” என்றார் காஷிஃப். “இது தண்ணி இல்லாம வாடல சார். தண்ணிக்குள்ள மூச்சு முட்டிக்கினு கீது. நீ இன்னாடான்னா மேல மேல ஊத்திக்கினு இருந்துக்கிற. ஆமா, பேப்பர்ல செடி பத்தி எழுதுவாரே ஒரு சாரு, அது நீதான?”

“அவரேதான்” என்றாள் நீரஜா.

இரண்டாம் கேள்விக்கு விடை: செடியை வெளியே எடுத்து வேரை ஓடுகிற தண்ணீரில் அலச வேண்டும். கொதிநீரில் கழுவிய கத்தரியால், கறுத்துக் குழைந்த வேர் அத்தனையையும் வெட்ட வேண்டும். மிஞ்சிய வேருக்கு அவ்வளவு கிளையைத் தாங்கச் சக்தி இருக்காது என்பதால் மேலேயும் பாதியைக் குறைக்க வேண்டும். பழைய மண் ஆகாது. செம்மண், மணல், தேங்காய் நார்த்தூள் கலந்த புது மண்ணில், டிரைக்கோடெர்மா தூளைத் தூவி நட வேண்டும். அது வேரழுக வைக்கும் பூஞ்சையைத் தின்கிற நல்ல பூஞ்சை, உரக்கடையில் கிடைக்கும். பிறகு நிழலில் வைத்துவிட்டு, உரம் போடாமல், அநேகமாகத் தண்ணீரும் ஊற்றாமல், கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். கடைசியில் சொன்னதுதான் கஷ்டம்.

எல்லாம் செய்தோம், அடைத்த டிரம்மை அப்படியே விட்டுவிட்டு, காஷிஃப் கொண்டுவந்த ஓட்டையுள்ள தொட்டியில். அவ்வளவு பெரிய மரத்துக்கு, வெளுப்பாக மிஞ்சிய வேர் ஒரு கைப்பிடி.

“ஒரு மாசம் பாரு நைனா. நகத்தால பட்டைய லேசாக் கீறு. உள்ள பச்சையா இருந்தா உசுரு கீது. டெய்லி கீறாத, அதுலயே செத்துரும்.”

தினமும் கீறினேன். மார்கழி நடுவில், அடிமரம் வரைக்கும் உள்ளே பழுப்பு.

8

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு, பதினோராவது போட்டோவை அனுப்பினேன். எப்போதும் உடனே வரும் பதில் ஒரு மணி நேரம் கழித்து வந்தது.

“மரம் நல்லா இருக்கு சார். பின்னால கொடியில ஒரு நீலச் சட்டை மூணு வாரமாக் காயுது. யாரோடதுன்னு கேட்டு எடுத்து மடிச்சு வைங்க.”

சட்டை என்னுடையது. கடைசியாக அனுப்பிய மூன்று படத்திலும் அதே கோணத்தில், அதே காற்றுக்கு, ஒரு கையைத் தூக்கிக்கொண்டு ஆடுகிறது.

பதில் எழுத முயன்றேன். “மேடம், உண்மையில் —” அழித்தேன். “நீங்கள் வந்ததும் நேரில் —” அழித்தேன். அடுத்த ஞாயிறு அவர் போட்டோ கேட்கவில்லை. நான் அனுப்பவில்லை. அதற்கடுத்த ஞாயிறும்.

நான் கடைசி வரை தள்ளிப்போட்ட பத்தி இது. இலை தொங்கிய முதல் சனிக்கிழமையே நிஜப் படத்தை அனுப்பியிருந்தால், ஒரு நிமிடத்தில் ‘ஓட்டையப் பாருங்க சார்’ என்று சொல்லியிருப்பார். அன்றைக்கு அந்த மரத்துக்கு வேர் இருந்தது. தண்ணீர் ஊற்றியது தப்பு, திருத்தியிருக்கலாம். நல்ல படங்களை அனுப்பி அதைத் திருத்தக்கூடிய ஒரே ஆளின் வாயை அடைத்தேன். ஏழாவது ஓட்டை அது. அதையும் நானே அடைத்தேன்.

9

முடிவுகள். மூன்று வைத்திருக்கிறேன்.

அ. குயில் கறிவேப்பிலைப் பழத்தைத் தின்று விதையைப் போட்டதில், மாடி மூலையில் ஒரு கன்று முளைத்திருக்கிறது. அழகான முடிவு. இரண்டு சாயங்காலம் மூலை முடுக்கெல்லாம் குனிந்து தேடினேன். இல்லை.

ஆ. “அதே சைஸ்ல ஒண்ணு கீது சார். வெச்சுட்டா அம்மாவுக்குத் தெரியவே தெரியாது” என்றார் காஷிஃப். எனக்காக எடுத்து வைக்கக்கூடச் சொன்னேன். அப்புறம் சட்டை ஞாபகம் வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இ. ஜெயபாரதி வருகிறார், மாடிக்குப் போகிறார், இறங்கி வந்து என்னை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறார், நீரஜா அவருக்குக் காப்பி கொடுக்கிறாள். இதை இரண்டு தடவை முழுதாக எழுதிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. நடக்கவில்லை.

நடந்தது இது. போன வாரம் ராம்குமார் வந்தான். மரியாதையான பையன், செருப்பை வெளியே விட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

“அம்மா பதினெட்டாந்தேதி வர்றாங்க சார். நேரா தி. நகருக்குத்தான். இந்த வீட்ட வித்துரலாம்னு இருக்கோம். சங்கத்துல ஆட்சேபணை இல்லன்னு ஒரு லெட்டர் மட்டும் நீங்க கொடுக்கணும்.”

“அம்மாவே சொன்னாங்களா?”

“ஆமா சார். அங்க எனக்கு இனிமே என்னடா இருக்குன்னாங்க.”

“எப்போ சொன்னாங்க?”

“பொங்கல் சமயம் இருக்கும். ஏன் சார்?”

“சும்மாதான்.”

எழுந்தவன் கதவருகே திரும்பினான். “உங்களப் பத்தி ரொம்ப நல்லாச் சொன்னாங்க சார். மரத்த அருமையாப் பாத்துக்கிட்டீங்களாம்.”

மகனிடம்கூடச் சொல்லவில்லை அவர். திட்டியிருந்தால் நான் பதில் கடிதம் ஒன்று எழுதியிருப்பேன். இதற்கு என்ன எழுதுவது?

10

மூன்றாம் கேள்விக்கு விடை பாக்கி. தடுப்பதற்கு: ஓட்டையை அடைக்காதீர்கள். தொட்டியை மூன்று செங்கல் மேல் தூக்கி வையுங்கள், அடியில் தண்ணீர் தேங்குகிற தட்டு வேண்டாம். பார்த்து ஊற்றாதீர்கள், விரலை விட்டு ஊற்றுங்கள். பிறத்தியார் செடி வாடினால், செடிக்கு எதையும் செய்யும் முன் அவர்களுக்குச் சொல்லுங்கள். இந்தக் கடைசி வரி எந்தத் தோட்டக்கலைப் புத்தகத்திலும் இல்லை. என் பத்தியிலும் இருந்ததில்லை.

சண்முகவேலோடு போய் டிரம்மின் ஆறு ஓட்டையையும் உளி வைத்துத் திறந்தேன். பட்ட மரத்தைத் தொட்டியோடு எடுத்துவிட்டு, டிரம்மைக் கழுவி வெயிலில் காயவைத்து, புது மண் நிரப்பினேன். எதையும் நடவில்லை. நடுவதா வேண்டாமா என்பது ஜெயபாரதியின் முடிவு, என் வேலை இல்லை. அன்று சாயங்காலமே செயலாளர் பதவியை விட்டேன். மாடிச் சாவியைப் புதுச் செயலாளர் ராகவேந்திரனிடம் கொடுத்தேன். ஆட்சேபணை இல்லைக் கடிதத்தை இனி அவர்தான் கொடுக்க வேண்டும்.

“பதினெட்டாந்தேதிக்கு முன்னாடி எழுதறதா இல்லே” என்றார். “அப்புறம் கேட்டா குடுத்துத்தான் ஆகணும் பத்ரி.”

11

இந்தப் பக்கங்களை ஆசிரியருக்கு முன்னால் நியூ ஜெர்சிக்கு அனுப்புகிறேன். கூடவே ஒரு படம்: மரத்தை எடுப்பதற்கு முன் எடுத்தது. இலையில்லாமல், பழுப்பாக, இருந்தபடியே. அச்சில் போடலாமா கூடாதா என்பதை ஜெயபாரதிதான் சொல்ல வேண்டும். கூடாது என்றால் ஆசிரியருக்கு ரோஜாவில் வரும் மாவுப்பூச்சி பற்றி ஏதாவது எழுதிக் கொடுத்துவிடுவேன்.

ஆகையால், இதை நீங்கள் ஏழாம் பக்கத்தில் படித்துக்கொண்டிருந்தால், அவர் ‘போடுங்க சார்’ என்று சொல்லியிருக்கிறார். ‘வாரேன்’ என்று சொன்னாரா என்பது அதிலிருந்து தெரியாது. எழுதி முடிக்கும் இந்த நேரத்தில் எனக்கும் தெரியாது.

பதினெட்டாந்தேதிக்கு அப்புறம் எங்கள் தெருப் பக்கம் வந்தால், எதிர்ச்சாரியில் இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். தண்ணீர்த் தொட்டிக்கு இடது பக்கம். பச்சையாக ஏதாவது தெரிந்தால் முதல் மாடியில் எங்கள் வீட்டு மணியை அடித்துச் சொல்லிவிட்டுப் போங்கள். நான் போய்ப் பார்க்க முடியாது. சாவி என்னிடம் இல்லை.